டேபிள்களின் உறவை டேட்டாபேஸிலேயே எழுதுங்கள்

கடலூர், பண்ருட்டி, புதுச்சேரி வட்டாரத்தில் மொத்த மளிகைக்கும் முந்திரி வியாபாரத்துக்கும் எழுதப்பட்ட பில்லிங் செயலிகள் பழுதுபார்க்க வரும்போது, திரையைப் பார்ப்பதற்கு முன் டேட்டாபேஸின் ஸ்கீமாவைத்தான் (டேபிள்களின் அமைப்பு வரைவை) திறந்து பார்ப்பேன். பெரும்பாலானவற்றில் கஸ்டமர், பில், பில்லில் உள்ள சரக்கு விவர வரிசைகள் என்று டேபிள்கள் ஒழுங்காகவே பிரிக்கப்பட்டிருக்கும். பில் டேபிளில் கஸ்டமர் ஐடி என்ற பத்தியும் இருக்கும். ஆனால் அந்த எண், கஸ்டமர் டேபிளில் உண்மையில் இருக்கும் ஒருவரைத்தான் குறிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு, அதாவது ஃபாரின் கீ, எங்கும் இருக்காது.

லாராவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பில், ஒரு டேபிளைக் குறிக்கும் நிரலான மாடலில், பிலாங்ஸ்டூ (இதற்குச் சொந்தம்) என்று ஒரு வரி எழுதியவுடன் உறவு அமைந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அந்த வரி, தரவை எந்த வழியில் எடுப்பது என்று செயலிக்குச் சொல்கிறதே தவிர, டேட்டாபேஸுக்கு எதையும் சொல்வதில்லை. டேபிளை உருவாக்கும் நிரலான மைக்ரேஷனில் ஃபாரின்ஐடி என்று மட்டும் எழுதினாலும் எண்ணை வைத்துக்கொள்ள ஒரு பத்தி உருவாகுமே ஒழிய, கன்ஸ்ட்ரெயின்ட் என்பதையும் வெளிப்படையாகச் சேர்த்தால்தான் காவல் வரும். இல்லாவிட்டால், ஒரே வாடிக்கையாளர் இரண்டு முறை பதிவாகியிருப்பதைக் கண்ட ஊழியர் ஒன்றை நீக்கிவிடுவார். அதற்குரிய பில்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். இரண்டு டேபிளிலும் பொருந்தும் வரிசைகளை மட்டும் எடுக்கும் இன்னர் ஜாயின் வைத்து எழுதிய விற்பனை அறிக்கையில் அந்தப் பில்கள் தெரியாது. ஆடிட்டர் கேட்கும் மொத்தமும் திரையில் தெரியும் மொத்தமும் பொருந்தாதபோதுதான் தேடல் தொடங்கும்.

கட்டுப்பாட்டை எழுதிவிட்டாலும், அது நடைமுறையில் இருக்கிறதா என்று சோதிப்பது அவசியம். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், தரவைச் சேமிக்கும் பழைய எஞ்சினான மைஐசாமில் உள்ள டேபிள்கள், ஃபாரின் கீ வாக்கியத்தை மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டு புறக்கணித்துவிடும். இன்னோடிபி எஞ்சினில் அது செயல்படும். எஸ்க்யூலைட் டேட்டாபேஸிலோ, செயலி ஏற்படுத்தும் ஒவ்வொரு இணைப்பிலும் அதை இயக்கிவைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கட்டுப்பாட்டைக் காக்கும், ஆனால் குறிப்பிடும் பத்திக்குத் தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸைத் தானாகப் போடாது.

அடுத்தது, தாய் வரிசையை (கஸ்டமர் போன்றது) நீக்கினால் அதைக் குறிக்கும் சேய் வரிசைகள் (பில்கள் போன்றவை) என்ன ஆக வேண்டும் என்பது. இதைப் புரோகிராமர் தனியாக முடிவு செய்யக் கூடாது, கடைக்காரரிடம் கேட்க வேண்டும். வசதிக்காக எல்லா இடத்திலும், தாயை நீக்கினால் சேய்களையும் தானாக நீக்கும் ஆன் டெலீட் காஸ்கேட் போடும் பழக்கம், கட்டுப்பாடே இல்லாமல் விடுவதைவிட ஆபத்தானது என்பது என் கருத்து. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளையும் ஆவணங்களையும் அவை எந்த ஆண்டுக்குரியவையோ அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். காஸ்கேட் இருந்தால் ஒரு வாடிக்கையாளரை நீக்கும் ஒரே சொடுக்கில் அவருடைய பில்கள் அத்தனையும் போய்விடும். பில்லுக்கும் கஸ்டமருக்கும் இடையே, பில் இருக்கும்வரை கஸ்டமரை நீக்க விடாத ரெஸ்ட்ரிக்ட் வைத்து, நீக்குவதற்குப் பதிலாக ‘செயலில் இல்லை’ என்று குறிக்கும் பத்தியை வைப்பதே சரி. உறுதி செய்யப்படாத ஆர்டருக்கும் அதன் சரக்கு விவர வரிசைகளுக்கும் இடையே காஸ்கேட் தாராளமாக இருக்கலாம்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கடலூரிலிருந்து எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. சரக்கு அங்கே போய்ச் சேர்கிறது என்றால் மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி, மாநிலத்துக்கான எஸ்ஜிஎஸ்டி என்று பிரிந்த வரி மாறி, மாநிலங்களுக்கு இடையிலான ஐஜிஎஸ்டி ஆகிவிடும். ஜிஎஸ்டி பதிவு மாநிலவாரியானது என்பதால், இரு பக்கமும் கடை வைத்திருக்கும் ஒரே வாடிக்கையாளருக்குத் தமிழ்நாட்டில் 33 என்றும் புதுச்சேரியில் 34 என்றும் தொடங்கும் இரண்டு எண்கள் இருக்கும். ஆகவே கஸ்டமர் டேபிளில் ஜிஎஸ்டி எண்ணுக்கு ஒரே பத்தியை ஒதுக்குவது இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது. பதிவு எண்களைத் தனி டேபிளில் வைத்து, ஒரு கஸ்டமருக்குப் பல பதிவுகள் என்ற உறவை அமைத்து, பில் எந்தப் பதிவுக்குப் போடப்பட்டது என்பதை அந்தப் பதிவின் ஐடியால் குறிக்க வேண்டும்.

இங்கே உறவின் எல்லையையும் கவனிக்க வேண்டும். முகவரி, விலை, வரி விகிதம் ஆகியவற்றைப் பில் அச்சிடும்போதெல்லாம் மூல டேபிளிலிருந்தே எடுத்தால், வாடிக்கையாளர் கடையை மாற்றியதும் போன வருடத்துப் பில்லில் புது முகவரி வந்து நிற்கும். பில் போட்ட நாளில் இருந்த மதிப்புகளைப் பில்லிலேயே பதிந்துவைக்க வேண்டும். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைப்பது தவறு என்று படித்தவர்களுக்கு இது உறுத்தலாம். ஆனால் இன்றைய விலையும் அன்றைய விலையும் ஒரே தகவல் அல்ல.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செயலியில் ஃபாரின் கீ சேர்ப்பதற்கு முன், பொருந்தாத வரிசைகளையும் காட்டும் லெஃப்ட் ஜாயின் போட்டுத் தாய் இல்லாத வரிசைகளைத் தேடிப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் என்ன செய்வது என்று உரிமையாளருடன் அமர்ந்து முடிவு செய்யுங்கள். கட்டுப்பாடு சேர மறுக்கிறது என்பதற்காக மைஎஸ்க்யூஎல்லில் ஃபாரின் கீ சோதனையை நிறுத்திவிட்டுச் சேர்த்தால், பிறகு அதை இயக்கும்போது உள்ளே இருக்கும் தவறான வரிசைகளை அது திரும்பிப் பார்க்காது. பேக்கப் கோப்புகளிலும் அந்தச் சோதனையை நிறுத்தும் வரி வழக்கமாக இருப்பதால், பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்த ஒவ்வொரு முறையும் அதே தேடலை ஓட்டிப் பார்த்த பிறகே ஊழியர்களைச் செயலிக்குள் அனுமதிக்க வேண்டும்.