கார் கடன் டியூவைத் தள்ளிப்போடும் முன் போட வேண்டிய கணக்கு

வாகனக் கடன் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு 2020 மறக்காது. மார்ச் 1 முதல் மே 31 வரையிலான தவணைகளைத் தள்ளிவைக்கலாம் என்று மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. இந்தத் தள்ளிவைப்புக்குத்தான் மொரட்டோரியம் என்று பெயர். பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. அந்த மாதங்களில் என்னிடம் வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டது ஒன்றுதான்: “சார், மொரட்டோரியம் எடுத்துக்கலாமா, வேண்டாமா?” வேலை போனவர்களும் சம்பளம் நின்றவர்களும் இன்றைக்கும் அதையேதான் கேட்கிறார்கள். பதில் ஆளுக்கு ஆள் மாறும். கணக்குப் போடும் விதம் மட்டும் மாறாது.

டியூதான் நிற்கிறது, வட்டி நிற்பதில்லை. இதை வாயால் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ரூபாயில் காட்டினால்தான் மனதில் பதியும். ஆறு லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை சுமார் 12,750 ரூபாய். ஆறு டியூ கட்டியபின் பாக்கி அசல் ஏறக்குறைய 5,52,500. இந்த இடத்தில் ஆறு மாதம் நிறுத்தினால், அந்த ஆறு மாத வட்டி 28,200 ரூபாய் அசலோடு சேர்ந்து, பாக்கி 5,80,700 ஆகிவிடும். அதன்பின் பழைய தவணையையே கட்டி வந்தால், கடைசிப் பக்கத்தில் மூன்றரை டியூ கூடுதலாக நிற்கும். கையிலிருந்து போவது ஏறத்தாழ 45 ஆயிரம்.

அதே கடனில் இன்னும் 12 டியூ மட்டுமே பாக்கி இருக்கும்போது ஆறு மாதம் நிறுத்தினால் கூடுதல் செலவு 8,200 ரூபாய் அளவில்தான் வரும். பாக்கி அசல் அப்போது ஒன்றரை லட்சத்துக்கும் கீழே இருக்கும் என்பதே காரணம். ஆகவே யார் வந்து கேட்டாலும் சம்பளத்தை விசாரிக்கும் முன் “எத்தனை டியூ கட்டியிருக்கீங்க?” என்றுதான் நான் கேட்பேன். கடனின் ஆரம்பத்தில் எடுக்கும் விடுப்புக்குத்தான் விலை அதிகம்.

காருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டின் மதிப்பு பெரும்பாலும் ஏறும், காரின் மதிப்பு இறங்கிக்கொண்டே போகும். காப்பீட்டில் வண்டிக்குப் போடும் ஐடிவி மதிப்பு, அதாவது வண்டி முழுசாகப் போனால் கிடைக்கும் தொகை, ஒரு வருடம் தாண்டி இரண்டாவது வருடத்துக்குள் இருக்கும் வண்டிக்கு விலையில் 20 சதவீதம் கழித்துக் கணக்கிடப்படுகிறது. ஏழு லட்சத்துக்கு வாங்கிய கார் அப்போது 5,60,000. ஒழுங்காகக் கட்டி வந்தவருக்கு முதல் வருட முடிவில் பாக்கி ஐந்து லட்சத்தை ஒட்டி இருக்கும். மேலே சொன்னபடி ஆறு மாதம் நிறுத்தியவருக்கு 5,80,700. வண்டி விபத்தில் முழுசாகப் போனால், ஆர்சி புத்தகத்தில் வங்கியின் பெயர் இருப்பதால், காப்பீட்டுத் தொகை முதலில் கடனுக்குத்தான் போகும். அதுவும் போதாமல், இல்லாத காருக்காகக் கையிலிருந்து மேலும் 20 ஆயிரம் கட்ட வேண்டி வரும். தவணையை நிறுத்தும் யோசனையில் இருப்பவர்களில் இதை எண்ணிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

“அரசாங்கம்தான் அந்த வட்டியைத் தள்ளுபடி பண்ணிடுச்சே” என்று இப்போதும் சிலர் சொல்கிறார்கள். தள்ளுபடியானது வட்டிக்கு வட்டி மட்டும். 2020 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், இரண்டு கோடி வரையிலான கடன்களுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசம் திருப்பித் தரப்பட்டது. நம் உதாரணக் கடனுக்கு அது 600 ரூபாய்கூட வராது. டியூவை நிறுத்தாமல் கட்டியவர்களுக்கும் அந்தத் தொகை கிடைத்தது. 2021 மார்ச்சில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் வட்டிக்கு வட்டி கூடாது என்றதே தவிர, வட்டி முழுவதையும் தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது.

இவ்வளவு சொன்னதால் எடுக்கவே கூடாது என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வருடம் வந்த ஒரு கால் டாக்ஸி ஓட்டுநரிடம் நானே எடுக்கச் சொன்னேன். ஊரடங்கில் வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது, ஒரு ரூபாய் வரும்படி இல்லை. டியூ கட்ட, தெரிந்தவரிடம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கலாம் என்றிருந்தார். வருடத்துக்கு 60 சதவீதம்! 10 சதவீதக் கடனைக் காப்பாற்ற 60 சதவீதக் கடனா? அவருக்கு மொரட்டோரியம்தான் மலிவு. கிரெடிட் கார்டில் தேய்த்து டியூ கட்ட நினைப்பவர்களுக்கும் இதே கணக்குதான். மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் போகும் அந்தப் பாக்கியை முதலில் ஒழிப்பதே நல்லது.

அதே சமயத்தில் வந்த ஒரு பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. எல்லோரும் எடுக்கிறார்களே என்று கேட்டார். கட்டாமல் மிச்சமாகும் பணம் எங்கே இருக்கும் என்று கேட்டேன், சேமிப்புக் கணக்கில் என்றார். மூன்று சதவீதம் சம்பாதிக்க 10 சதவீதம் கொடுப்பதில் என்ன லாபம்? வேண்டாம் என்று அனுப்பிவைத்தேன். வேலையே ஆட்டம் காணுகிற நிலை என்றால் வேறு மாதிரி யோசிக்கலாம். கையில் மூன்று மாதக் குடும்பச் செலவுக்கான பணம் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பதில் தப்பில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. வங்கிகள் இதை வலியச் சொல்வதில்லை என்பதால் நீங்கள்தான் கேட்க வேண்டும். முழு டியூ முடியாவிட்டால் மாத வட்டியையாவது கட்டிவிடுங்கள். நம் உதாரணத்தில் அது மாதம் 4,600 ரூபாய். அசல் ஊதாது, கூடுதல் செலவு 45 ஆயிரத்திலிருந்து சுமார் 27,600 ஆகக் குறையும்.

2020-க்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அன்று டியூ கட்டாத மாதங்கள் பாக்கி நாளாக எண்ணப்படவில்லை, சிபில் அறிக்கையிலும் கறை விழவில்லை. இன்று நீங்களாகப் போய்க் கேட்டால் கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் விருப்பம். பணக் கஷ்டத்துக்காகக் கொடுத்தால் அது கடன் மறுசீரமைப்பு என்று பதிவாகலாம், அடுத்த கடன் கேட்கும்போது அது குறுக்கே வரும். பதிவாகுமா என்று நேராகவே கேளுங்கள். அதற்காகக் கேட்காமலே நிறுத்திவிடாதீர்கள். பவுன்ஸ் கட்டணம், அபராதம், 90 நாள் தாண்டினால் வாராக்கடன், வண்டியைத் தூக்க ஆள் வருவது என்று அது வேறு பாதை. முதல் டியூ பவுன்ஸ் ஆகும் முன்பே கிளைக்குப் போய் எழுத்தில் கொடுத்தவருக்கும் மூன்று பவுன்ஸுக்குப் பிறகு போனவருக்கும் கிடைக்கும் மரியாதையே வேறு.

போனில் வரும் உதவியை நம்ப வேண்டாம். 2020-இல் “டியூவைத் தள்ளிவைக்கிறோம்” என்று பேசி ஓடிபி வாங்கிக் கணக்கைத் துடைத்தவர்கள் இருந்தார்கள். அனுமதி கிடைத்தால் கடிதமும் புதிய தவணை அட்டவணையும் கேட்டு வாங்குங்கள். தவணைத் தொகை ஏறுகிறதா, மாதங்கள் கூடுகிறதா என்பது அதில் இருக்கும். மாதங்கள் கூடினால், கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க நீங்கள் கையெழுத்துப் போட்ட நாச் ஆணையின் கடைசித் தேதியையும் பாருங்கள். பழைய தேதியோடு அது முடிந்துபோய், கணக்கில் பணம் இருந்தும் கடைசி டியூக்கள் பிடிக்கப்படாமல் பாக்கியாக நின்று, கடன் முடிந்தது என்று வங்கி தரும் என்ஓசி கடிதத்தை வாங்கப் போன இடத்தில்தான் விஷயமே தெரியவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆணை முன்னதாகவே முடிகிறது என்றால் அன்றைக்கே புதிதாக ஒன்றைக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.