ஸ்டிக்கர் வெளிறித்தான் இருக்கிறது, ஊசி மருந்து கெட்டுவிட்டது

மறுபடியும் அதே கதை. ஒரு அப்பா மெடிக்கலில் குழந்தைக்குப் பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே தடுப்பூசி) வாங்கியிருக்கிறார். ராத்திரி முழுக்க வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்து, காலையில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துவந்தார். குப்பியைக் கையில் வாங்கிச் சாய்த்தேன், மருந்து அசையவில்லை. உறைந்து கல்லாகிவிட்டிருந்தது. "இதைப் போட முடியாதுங்க" என்றதும் அவர் லேபிளைத் திருப்பிக் காட்டினார். "ஸ்டிக்கரைப் பாருங்க டாக்டர், கலரே மாறல. யூடியூப்ல பாத்துட்டுத்தான் வர்றேன்."

அவர் பார்த்த வீடியோவில் தப்பு ஒன்றும் இல்லை, பாதி விஷயம்தான் இருந்திருக்கிறது. மீதியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை.

ஸ்டிக்கர் என்று எல்லோரும் சொல்வது வி.வி.எம்., அதாவது வேக்சின் வயல் மானிட்டர். குப்பி மேல் கரும் ஊதாவில் ஒரு வட்டம், அதன் நடுவே வெளிறிய ஒரு சதுரம். சூடு பட்டால் சதுரம் கருக்கும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று இரண்டையும் சேர்த்துக் கணக்கு வைக்கும். இன்றைக்கு ஒரு மணி நேரக் கரண்ட் கட், நாளைக்கு வெயிலில் அரை மணி நேர பைக் பயணம், எல்லாம் அந்தச் சதுரத்தில் ஏறிக்கொண்டே போகும். திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளுக்காது. "ஜில்லுன்னு ஆனா பழையபடி ஆயிடும்ல?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகாது. போன நிறம் போனதுதான்.

1996இல் முதலில் போலியோ சொட்டு மருந்துக்குத்தான் இது வந்தது. பொதுப் பயன்பாட்டிலுள்ள தடுப்பு மருந்துகளில் சூட்டை மிகக் குறைவாகத் தாங்குவது அதுதான், அதன் ஸ்டிக்கர் 37 டிகிரியில் 2 நாளில் கருத்துவிடும். பெண்டாவேலன்ட்டில் பெரும்பாலும் 14 நாள் வகையும், ஹெபடைட்டிஸ் பி-யில் 30 நாள் வகையும் ஒட்டுவார்கள். ஸ்டிக்கர் வருவதற்கு முன் ஐஸ் உருகிய பெட்டியைப் பார்த்தாலே பயந்து மொத்தத்தையும் கொட்டுவார்கள், இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார்கள். அந்தக் குருட்டாட்டம் ஒழிந்ததற்கு இந்தச் சின்னச் சதுரத்துக்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

ஆனால் அது சூட்டை மட்டும்தான் பார்க்கும். குளிரைப் பார்க்கவே பார்க்காது. குப்பியை ஃப்ரீசரில் ஒரு மாதம் போட்டு எடுங்கள், சதுரம் அப்படியே வெளிறி, பளிச்சென்று இருக்கும். உள்ளே மருந்து என்றைக்கோ வீணாகியிருக்கும்.

"குளிர் கூடக்கூட மருந்துக்கு நல்லது" என்ற நம்பிக்கைதான் என்னைப் படுத்தி எடுக்கிறது. படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே இல்லை. சொட்டு மருந்தை ஃப்ரீசரில் வைப்பதைப் பார்த்துப் பார்த்து எல்லாத் தடுப்பூசிக்கும் அதுவே முறை என்று மனதில் பதிந்துவிட்டது போலிருக்கிறது. சொட்டு மருந்து உறையலாம், ஒன்றும் ஆகாது. பெண்டாவேலன்ட், டி.பி.டி. (முத்தடுப்பூசி), ஹெபடைட்டிஸ் பி, டி.டி. (டெட்டனஸ் ஊசி) எல்லாம் உறையவே கூடாது. இவற்றில் வேலை செய்யும் மருந்து அலுமினிய உப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உறைந்தால் அந்தப் பிடி விட்டுப்போய் உப்பு திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகிவிடும். உருகிய பிறகு எவ்வளவு குலுக்கினாலும் பழைய நிலைக்கு வராது. அதைப் போட்டால் குழந்தைக்கு ஊசி வலி மிச்சம், பாதுகாப்பு சந்தேகம், போட்ட இடத்தில் கட்டி வரவும் வாய்ப்பு அதிகம். ஹெபடைட்டிஸ் பி உறைவதற்கு ஃப்ரீசர்கூட வேண்டாம், மைனஸ் அரை டிகிரி போதும். ஐஸ் கட்டி மேல் நேராகக் குப்பியை வைத்தாலே அங்கே போய்விடும்.

கட்டியாக இருக்கும்போது கொண்டுவந்தால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. ராத்திரி உறைந்து, காலையில் உருகி, துடைத்து, பளபளவென்று வந்தால்? குலுக்கி வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று எங்களுக்கு உண்டு. அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கி, இரண்டையும் குலுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எதில் வண்டல் சீக்கிரம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒற்றைக் குப்பியோடு வருகிற வீட்டுக்கு அந்தச் சோதனைக்கு நான் எங்கே போவது? சந்தேகம் என்றால் கொட்டத்தான் சொல்வேன். காசு போகிறதே என்று என்னிடம் கோபித்துப் பயனில்லை.

மெடிக்கல் ஷாப்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃப்ரிட்ஜின் பின்சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஊசிக் குப்பிகள், கதவில் கோலி சோடா, மேல் தட்டில் யாரோ வைத்த தயிர் டப்பா. தினமும் பார்க்கிறேன். 2 முதல் 8 டிகிரி என்பது நடுத்தட்டில்தான் ஓரளவாவது நிற்கும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். வாங்க வருகிறவரிடம் "ஃப்ரீசர்ல வெச்சிருங்க" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், இந்தத் தொல்லையில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இனி ஸ்டிக்கரைப் படிக்கும் விதம். சதுரத்தை வட்டத்தோடு ஒப்பிடுங்கள், மனதில் இருக்கும் வெள்ளையோடு ஒப்பிடாதீர்கள். புதுக் குப்பியிலேயே சதுரத்தில் லேசான ஊதா சாயல் இருக்கும். அதைப் பார்த்து "கலர் மாறிடுச்சு, போடாதீங்க" என்று நர்ஸிடம் சண்டை போடுகிற பாட்டிகள் உண்டு. சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருக்கிறவரை சூட்டைப் பொறுத்தவரை குறையில்லை. வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டாலோ தாண்டிவிட்டாலோ அவ்வளவுதான். காலாவதித் தேதியைத் தனியாகப் பாருங்கள். ஸ்டிக்கர் நன்றாக இருந்து தேதி முடிந்திருந்தாலும் மருந்து செல்லாது.

எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி) போல பொடியாக வருவதில் ஸ்டிக்கர் பெரும்பாலும் மூடியில் இருக்கும். மூடியைக் கழற்றிக் கலக்கியபின் அதன் பேச்சுக்கு இடமில்லை, நேரம்தான் கணக்கு. 4 மணி நேரம் தாண்டினால் மிச்சம் குப்பைக்கு.

தனியார் கடைகளில் விற்கும் பல தடுப்பூசிகளில் இந்த ஸ்டிக்கரே இருக்காது. இன்சுலினுக்கும் கிடையாது, அதுவும் உறையக் கூடாத சாமான்தான். அங்கெல்லாம் உங்கள் கவனம் ஒன்றுதான் துணை. கூடுமானவரை ஊசி போடும் அன்றைக்கே வாங்கி நேராக வாருங்கள். ஐஸ் பேக் வைப்பதென்றால் முதலில் வெளியே விடுங்கள். ஆட்டினால் உள்ளே தண்ணீர் களகளவென்று கேட்க வேண்டும், அதன் பிறகு வையுங்கள். அப்போதும் குப்பி ஐஸைத் தொடாமல் துணியோ அட்டையோ நடுவில் இருக்கட்டும். பைக்கின் சீட்டுக்கு அடியில் வேண்டாம். ஒரு ராத்திரி வீட்டில் வைத்தே தீர வேண்டுமென்றால் கீழ்ப்பகுதியின் நடுத்தட்டு, ஃப்ரீசரும் கதவும் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று தோன்றினால் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி இலவசம், மருந்து ஐ.எல்.ஆர். என்ற தடுப்பூசிக் குளிர்பெட்டியிலிருந்து நேராக வரும், ஸ்டிக்கரும் இருக்கும். போடுவதற்கு முன் குப்பியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல செவிலியர் யாரும் அதற்குக் கோபிக்க மாட்டார்.