5-ஆம் எண் கூண்டுக்கும் 6-ஆம் எண் கூண்டுக்கும் என்ன வித்தியாசம்?

"துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது." ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் செய்தி வராத வருடமே அபூர்வம். எண் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்றே பலரும் நினைக்கிறோம். 4 வரை அது சரிதான். 5, 6, 7 மூன்றும் ஏறக்குறைய ஒரே வலுவுள்ள புயலுக்கானவை. 8, 9, 10 அதைவிடக் கடும்புயலுக்கு. ஒவ்வொரு மூன்றுக்குள்ளும் மாறுவது பக்கம் மட்டும். 5 என்றால் புயல் துறைமுகத்தைத் தான் போகும் திசைக்கு இடப்பக்கம் விட்டுக் கரையேறும். 6 என்றால் வலப்பக்கம். 7 என்றால் தலைக்கு மேலேயே.

கப்பல் கேப்டனுக்கு இது ஏன் முக்கியம்? வங்கக்கடல் புயல் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. மேற்கு நோக்கி வரும் புயல் சென்னைக்குத் தெற்கே கடந்தால், சென்னை அதன் வலப்பக்கம். காற்று முதலில் வடகிழக்கு, பிறகு கிழக்கு, அப்புறம் தென்கிழக்கு என்று திரும்பும். மொத்தமும் கடலிலிருந்து கரையை நோக்கி. நங்கூரம் நழுவினால் கப்பல் கரையில்தான் மோதும். புயல் வடக்கே கடந்தால் காற்று வடக்கு, மேற்கு என்று எதிர்ப்பக்கமாகத் திரும்பிக் கப்பலைக் கடலுக்குள் தள்ளும். இரண்டுக்கும் தற்காப்பு வேறு.

இந்தப் பாடத்தை உயிரைக் கொடுத்துக் கற்ற ஊர் கல்கத்தா. 1864 அக்டோபர் 5-ஆம் தேதி ஒரு புயல் ஹூக்ளி ஆற்றின் முகத்துவாரத்துக்கு மேற்கே கரையேறியது. ஆறு அதன் வலப்பக்கம் மாட்டிக்கொண்டது. கடல்நீர் ஆற்றுக்குள் பாய்ந்து ஏறியது, துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் சங்கிலி அறுந்து ஒன்றோடொன்று மோதின. இறந்தவர்கள் 50,000 முதல் 60,000 பேர் வரை என்கிறார்கள். அந்தப் புயல் கடலில் பல நாட்களாக இருந்தது; நடுக்கடலில் அதில் சிக்கிய கப்பல் கரைக்குச் சொல்ல அன்று வழியே இல்லை.

இத்தனைக்கும் புயலின் சுழற்சி தெரியாத விஷயமல்ல. கல்கத்தாவில் இருந்த புயல் ஆய்வாளர் ஹென்றி பிடிங்டன் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகளில் காற்றின் வட்டங்களை வரைந்து, கடல் வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்கும்படி மாலுமிகளுக்குத் தந்திருந்தார். கல்கத்தாவுக்குத் தென்கிழக்கே மாத்லா ஆற்றில் புதிய துறைமுகம் கட்டினால் புயல்வெள்ளம் அடித்துப்போகும் என்று 1853-லேயே கவர்னர் ஜெனரலுக்கு எழுதினார். கேட்கவில்லை. கட்டிய கானிங் துறைமுகத்தை 1867-இல் புயல் சிதைத்தது.

1864-க்குப் பிறகுதான் கல்கத்தா துறைமுகத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. அதன் உயிர்நாடி தந்தி. கரையோர நிலையங்கள் காற்றழுத்தத்தையும் காற்றின் திசையையும் அனுப்பும். வெப்பமண்டலத்தில், காற்றழுத்தம் காட்டும் பாரமானி தினமும் காலை பத்து மணியளவில் ஏறும், மாலை நான்கு மணியளவில் இறங்கும். கடிகாரம் தோற்கும் ஒழுங்கு. காலையில் ஏற வேண்டியது ஏறவில்லை என்றால், எவ்வளவு சிறிய குறைவானாலும் சந்தேகப்பட வேண்டும். திசையும் உதவும்: காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் இடப்பக்கம் இருக்கும். தூரத்திலுள்ள இரண்டு நிலையங்களிலிருந்து அப்படிக் கோடு இழுத்தால், அவை வெட்டும் இடம் மையம். பிடிங்டனின் வட்டங்கள் இங்கேதான் கொஞ்சம் ஏமாற்றின. காற்று சுத்த வட்டமாக ஓடுவதில்லை, உள்நோக்கிச் சரிந்து சுழல்கிறது. அந்தச் சரிவைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மையம் தள்ளிப்போய்விடும். இடமா வலமா என்பதே கேள்வியாக இருக்கும்போது அது சின்னப் பிழை இல்லை.

கணித்ததைக் கப்பலுக்குச் சொல்ல, கொடிமரத்தில் கூம்பும் உருளையுமாகக் கறுப்புக் கூண்டுகள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். மொழி தெரியாத மாலுமிக்கும் உருவம் புரியும். ஆனால் ஆரம்பத்தில் துறைமுகத்துக்குத் துறைமுகம் குறிகள் வேறாக இருந்தன, 1898-இல்தான் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே முறை வந்தது. இன்று நாம் கேட்கும் எண்கள் பெரும்பாலும் அதன் வாரிசுகள்தான்.

பட்டியல் 10-உடன் முடிவதில்லை. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துபோய், மோசமான வானிலை வருகிறது என்று துறைமுக அதிகாரி தானாகவே முடிவுசெய்தால் ஏற்றுவது 11-ஆம் எண்.