எம்.சி.பி. விழவில்லை, ஆனால் பிளக் கருகியது

முட்டம் பக்கம் கடற்கரையை ஒட்டிய ஒரு வீட்டுக்கு கீசர் வேலைக்குப் போயிருந்தேன். பிளக்கின் ஒரு பின் கறுத்து, சாக்கெட்டின் வாய் உருகியிருந்தது. அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி. அப்படியே இருந்தது. வீட்டு அம்மா கேட்டார்கள்: "மக்களே, எம்.சி.பி. ஒரு தடவைகூட விழல்லியே, அப்புறம் எப்படிக் கருகும்?"

வயரிங் வேலையில் இத்தனை வருடமாக இருக்கிறேன். நாகர்கோவிலிலும் குளச்சலிலும் இதே கேள்வியை நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். எம்.சி.பி. போட்டுவிட்டால் வீடு பத்திரம் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக இருக்கிறது. அந்த நம்பிக்கையில் பாதிதான் சரி. மீதிப் பாதிக்கு ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும்.

1827-இல் ஓம் என்ற ஜெர்மன் அறிஞர் எழுதிய விதிதான் அடிப்படை. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை; இரண்டையும் பெருக்கினால் திறன். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும், அதன் தடை 26 ஓம் சொச்சம்.

சாக்கெட்டைக் கழற்றும் முன் கீசரைக் கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டு அளந்தேன். வீட்டு வயர்களெல்லாம் பிரிந்து போகும் டி.பி. பெட்டியில் 228 வோல்ட். கீசரின் முனையில் 219. வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 8.3 ஆம்பியர். அப்படியென்றால் 9 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. வயர் 2.5 ஸ்குயர் எம்.எம். செம்பு, போகவும் வரவும் சேர்த்து 30 மீட்டர். அதன் தடை சுமார் 0.22 ஓம்தான், அதில் போவது 2 வோல்ட்டுக்குள். மிச்சம் 7 வோல்ட் அந்தக் கருகிய பின்னில் விழுகிறது. 7-ஐ 8.3-ஆல் பெருக்குங்கள்: 58 வாட்.

ரேடியோ பழுதுபார்ப்பவர்கள் ஈயம் உருக்க வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட். அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சூடு, விரல்நுனி அளவு இடத்தில், சுவரோடு ஒட்டி, தினமும் காலையில்!

எம்.சி.பி. ஏன் சும்மா இருந்தது? அது பார்ப்பது மின்னோட்டத்தை மட்டும். லூஸ் காண்டாக்ட் என்பது பாதையில் கூடுதலாக உட்கார்ந்த ஒரு தடை. தடை கூடினால் மின்னோட்டம் குறையத்தானே செய்யும்? 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 8.3 ஆம்பியர் ரொம்பச் சாதாரணம். அதை மாற்றிப் புதிதாகப் போட்டாலும் இதே கதைதான்.

சிலர் மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி வைத்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். அதன் இரண்டு வயர்களுக்கே கொஞ்சம் தடை உண்டு. இந்த வீட்டுப் பின்னில் இருந்த 0.8 ஓம் கோளாறு (7-ஐ 8.3-ஆல் வகுத்தது) அதில் ஒளிந்துகொள்ளும். சுமை ஓடும்போது வோல்ட்டும் ஆம்பியரும் அளந்தால்தான் உண்மை தெரியும். ஆனால் இதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே செய்யட்டும். தயவுசெய்து நீங்கள் சாக்கெட்டுக்குள் மீட்டர் முள்ளை விடாதீர்கள்.

நம் குமரி மாவட்டத்தில் ஆரோக்கியபுரம் தொடங்கி நீரோடி வரை கடலோரம். உப்புக்காற்று பட்டால் பித்தளைப் பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறும், திருகு துருப்பிடிக்கும், பிடி தளரும். கடலோர வீடுகளில் வருடத்துக்கு ஒரு தடவையாவது கீசர், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு சாக்கெட்டுகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பத்து நிமிடம் ஓடியபின் சுவிட்சை அணைத்து, பிளக்கின் மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். அப்புறம், 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கீசரோ ஹீட்டரோ மாட்டவே வேண்டாம். பொருளின் மேல் எழுதியிருக்கும் வாட்டை 230-ஆல் வகுத்தால் போதும், தாங்குமா என்று தெரிந்துவிடும்.

கிணற்று மோட்டாருக்கு இந்த நேர்க்கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கியதில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் எண்) உண்டு, வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடவும் செய்யும்.

எர்த்திலும் இதே ஓம் கணக்குதான். வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்து எர்த் பாதையின் தடை 20 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். கீசர் உடம்பில் கரண்ட் ஏறினால் ஓடுவது 230-ஐ 20-ஆல் வகுத்த 11.5 ஆம்பியர். அதற்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது, தொட்டவரைத்தான் அடிக்கும். அதனால்தான் கரண்ட் கொஞ்சம் கசிந்தாலே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கட்டாயம் வேண்டும் என்று போகிற வீடெல்லாம் கெஞ்சுகிறேன்.

முட்டத்து வீட்டில் கருகிய வயரை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, சாக்கெட்டையும் பிளக்கையும் புதிதாக மாற்றி, திருகை இறுக்கினேன். ஆர்.சி.சி.பி.யும் போட்டாயிற்று. மறுபடி அளந்தபோது கீசர் முனையில் 226 வோல்ட், 8.6 ஆம்பியர். அரை மணி நேரம் ஓடியபின் சுவிட்சை அணைத்து, அந்த அம்மாவையே பிளக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.