சிறுகதைத் தொகுதி என்று ஒதுக்கிவிடாதீர்கள், உள்ளே ஒரு நாவல் இருக்கலாம்

ஹட்டன் பக்கத்து நூலகமொன்றில் இரவல் மேசையில் இருக்கிறேன். "மிஸ், சிறுகதை வேணாம், நல்ல நாவலா ஒன்னு தாங்க" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. தொகுதியை எடுத்துப் போகிறவர்களும் நடுவில் இரண்டு கதை வாசித்துவிட்டுத் திருப்பித் தருகிறார்கள், உயர்தரப் பிள்ளைகள் என்றால் ஆசிரியர் சொன்ன ஒரு கதையைப் போட்டோகொப்பி எடுப்பதோடு சரி. பெரும்பாலான தொகுதிகளுக்கு இதில் நட்டமில்லை. ஆனால் அதே ஊர், அதே ஆட்கள் என்று கதைக்குக் கதை தொடரும் புத்தகத்தை இப்படிப் பிய்த்து வாசித்தால் பாதி கைக்கே வராது.

அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் ஸ்ட்ரவுட்டின் 'ஒலிவ் கிட்டரிட்ஜ்' 13 கதைகள், 2009இல் புலிட்சர் பரிசு பெற்றது. முதல் கதையில் கணவர் ஹென்றியின் பக்கமிருந்து பார்க்கும்போது கணக்கு டீச்சர் ஒலிவ் ஒரு கடுகடுத்த மனுசி. அடுத்த கதையில், சாகும் எண்ணத்தோடு ஊர் திரும்பிக் காரில் உட்கார்ந்திருக்கும் பழைய மாணவனின் பக்கத்தில் தானாக ஏறி உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பதும் அவள்தான். இன்னொன்றில் உணவகத்துக்குள் நடந்து போவதோடு சரி. கணவர் இறக்கும் கதை என்று தனியே ஒன்று இல்லை, கடைசிக் கதைக்கு வரும்போது அவள் விதவை. அந்த இடைவெளியில்தான் எனக்கு இந்தப் புத்தகம் நாவலாகிறது. வரிசை மாற்றி வாசிப்பவருக்கு அது தட்டுப்படவே தட்டுப்படாது.

அட்டையில் போட்டிருப்பதையும் அப்படியே நம்பவேண்டாம். இன்னொரு அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபோக்னரின் 'கோ டவுன், மோசஸ்' 1942இல் வந்தபோது பதிப்பகம் தலைப்போடு 'பிற கதைகளும்' என்று சேர்த்துவிட்டது; அது நாவல்தான் என்று அவர் நின்றார், பின்னைய பதிப்பில் அந்த ஒட்டு போய்விட்டது.

நம் மலையகக் கதைகள் பலவும் பத்திரிகையில் தனித்தனியாக வந்தவை. வீரகேசரிப் பத்திரிகை நடத்திய போட்டிக் கதைகளின் 'கதைக்கனிகள்' போலப் பலர் எழுதிய தொகுதியை நாவலாக்கப் பார்ப்பது வீண்வேலை. ஒருவரே எழுதியதில் அதே தோட்டம், அதே கங்காணி, காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அதே பிரட்டுக்களம் திரும்பத் திரும்ப வருகிறதா, அப்போது நிதானியுங்கள். முதல் கதையில் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில்) விட்டுப்போன குழந்தை நாலு கதை தள்ளி, கொழும்பில் கடைவேலைக்குப் போன பொடியனாக ஒரே வரியில் வந்து போகலாம். முதலிலிருந்து வரிசையாக வாசியுங்கள், ஒரு தாளில் பெயர், வயது, யாருக்கு யார் என்ன முறை என்று குறித்துக்கொள்ளுங்கள், ஒரு கதை முடிந்ததும் அடுத்ததற்குப் போகும் முன் இடையில் எத்தனை வருசம் போயிருக்கிறது என்று பாருங்கள். முடித்த பிறகு முதல் கதையை மட்டும் இன்னொரு தடவை.

பிள்ளைகளுக்கு ஒரு கதையை மட்டும் கொப்பி எடுத்துக் கொடுக்கும் ஆசிரியர்களும், அது இப்படியான தொகுதியிலிருந்து வந்தது என்றாவது சொல்லிவிடுங்கள். இரவல் தவணைக்குள் வாசித்து முடிக்க முடியாவிட்டால் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள், வேறு யாரும் கேட்டிருக்காவிட்டால் திகதி நீடித்துத் தருகிறோம்.