அடைக்காத டியூப்பும் கழற்றி வைத்த சல்லடையும்

"அடைக்காதுன்னு சொல்லித்தானே சார் வாங்கினேன்?"

சொட்டுநீர்ப் பாசன டியூப் அடைத்துக்கொண்டது என்று என்னைக் கூப்பிட்ட விவசாயி கேட்டார். இந்த மாதம் இந்தக் கேள்வி எனக்கு மூன்றாவது முறை. ஃபில்டரைத் திறந்தேன். உள்ளே சல்லடையே இல்லை. "அதைப் போட்டா பிரஷர் வரலைங்க, கழற்றி வச்சிட்டேன்." சல்லடையைக் கழுவாமல் விட்டால் பிரஷர் எப்படி வரும்?

டியூப்பை வெட்டி, உள்ளே தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் டிரிப்பரைப் பிளந்து காட்டினேன். பல் பல்லாக வளைந்து போகும் குட்டி வாய்க்கால். பலவற்றில் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இராது. தண்ணீர் அந்தப் பற்களில் மோதிச் சுழல்வதால் பொடித் தூசி தங்காமல் வெளியேறிவிடும். 'அடைக்காது' என்பதற்கு அர்த்தம் இவ்வளவுதான். மணலையும் பாசியையும் அது விழுங்கும் என்று யாரும் சொல்லவில்லை. அவற்றை நிறுத்த முன்னால் ஒரு ஃபில்டர், பெரும்பாலும் 120 மெஷ், அதாவது 130 மைக்ரான் (0.13 மில்லிமீட்டர்) கண் உள்ளது, இருக்கும் என்று நம்பித்தான் டிரிப்பரையே செய்கிறார்கள். ஃபில்டர் இல்லையென்றால் எந்த டியூப்பும் அடைக்கும். விலை உயர்ந்ததும் அடைக்கும்.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே?" கரைந்திருக்கும் சுண்ணாம்பும் இரும்பும் கண்ணுக்குத் தெரியாது, ஃபில்டரிலும் நிற்காது. டிரிப்பர் வாயில் வந்து படியும். வெள்ளைப் படிவுக்கு ஆசிட், வழவழப்புக்குக் குளோரின். இரண்டையும் சேர்த்து விடாதீர்கள், விஷவாயு கிளம்பும். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் அல்ல. கால்சியம் நைட்ரேட்டையும் பாஸ்பேட் உரத்தையும் ஒரே டேங்கில் கரைத்தால் திரிந்த பால்தான் மிஞ்சும். அதையும் பார்த்துவிட்டேன்.

மண்ணுக்குள் புதைத்த டியூப்பில் வேர் தொல்லை. வேர் டியூப்பைத் துளைக்கவில்லை, சொட்டு விழும் துவாரம் வழியாகவே நுழைகிறது. மண்ணைக் காயப்போட்டால் ஈரம் மிஞ்சுவது அந்த வாயில் மட்டும்தானே, வேறு எங்கே போகும்? சில டிரிப்பர்களில் வேர்நுனியின் வளர்ச்சியைத் தடுக்க டிரைஃப்ளூரலின் என்ற களைக்கொல்லி கலந்திருப்பார்கள். நல்லதுதான், ஆனால் அதை நம்பிப் பாசனத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மோட்டாரை நிறுத்தியதும் டியூப் வெளியே இருக்கும் சேற்றை உறிஞ்சும். அப்போது காற்று உள்ளே புக, மேட்டுப்பகுதியில் ஏர் வால்வு வையுங்கள்.

முதலில் சப்மெயினை, அதாவது டியூப்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் குழாயை, ஃப்ளஷ் செய்யுங்கள், அப்புறம் லேட்டரல் (டிரிப்பர் உள்ள டியூப்) முனைகளைத் திறந்து, தண்ணீர் தெளியும்வரை விடுங்கள். சல்லடையை இன்றைக்கே மாட்டுங்கள்.

அப்புறம், அடைப்பைக் குத்தியெடுக்க வைத்திருக்கும் அந்த ஊசியைத் தயவுசெய்து கீழே வையுங்கள். குத்திய டிரிப்பர் சொட்டாது, ஒழுகும்.