டிபரன்ஷலுக்கு வெல்டிங் அடித்துவிட்டு என்னிடம் வராதீர்கள்

மாரி தொடங்கிய பிறகு இது நான்காவது வாகனம். போன கிழமை வந்த டபுள் கெப்பின் பின் அச்சு ஒயிலை வடித்தபோது, வெள்ளித்தூள் கலந்த கூழ்தான் தட்டில் விழுந்தது. காந்தத்தை உள்ளே விட்டேன். மிளகளவு வெல்டிங் உருண்டைகள் இரண்டும், நகத்துண்டு போல ஒரு பல்லும் ஒட்டிக்கொண்டு வந்தன. வலப்பக்க அச்சுத்தண்டு முறுகி முறிந்திருந்தது. என்ன நடந்திருக்கும் என்று திறக்கும் முன்பே எனக்குத் தெரியும். ஆனால் கழற்றி மேசையில் வைத்தால்தான் சொந்தக்காரர் நம்புவார்.

“யார் அடித்தது?” என்று கேட்டேன்.

“தெரிந்த ஒரு இடத்தில் அண்ணை. லொக்கர் வாங்கக் காசு காணாது. இதுவும் அதுவும் ஒன்றுதான் என்றார்கள்.”

ஒன்றல்ல. டிபரன்ஷல் என்பது இடது, வலது சில்லுகளை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரக் கூட்டு. லொக்கர் தேவையானபோது மட்டும் அந்த இரண்டையும் சேர்த்துப் பூட்டும். வெல்டிங் ஒரேயடியாகப் பூட்டிவிடும். ஆளாளுக்குச் சொல்லிக் களைத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

இந்தத் தம்பி வாரத்தில் ஐந்து நாள் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் வேலைக்குப் போகிறவர். சனி, ஞாயிறுதான் வயல். அதாவது, சேற்றில் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தாரில் ஐம்பது கிலோமீட்டராவது ஓடுகிறார். லொக்கர் கேட்டு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் இப்படித்தான். ஆனால் எல்லோரும் மாட்டிக்கொண்ட அந்த ஒரு நாளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

சாதாரண டிபரன்ஷலில் ஒரு சில்லு சேற்றில் வழுக்கிச் சுழன்றால் மற்றது சும்மா நிற்கும். இதை மாட்டிக்கொண்ட எல்லோரும் கண்ணால் பார்த்திருப்பீர்கள், விளக்கத் தேவையில்லை. ‘நான்கு சில்லு’ கியரைப் போட்டாலும் முன் அச்சும் பின் அச்சும்தான் இணைகின்றன. இடமும் வலமும் இணைவதில்லை. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் சுழல, வாகனம் அசையாமல் நிற்பது அதனால்தான். சில வாகனங்களில் முகப்பில் எரியும் ‘டிப் லொக்’ விளக்கும் முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள நடு டிபரன்ஷலுக்கு உரியது. அதைப் பார்த்துவிட்டுப் பின் அச்சு பூட்டியிருக்கிறது என்று நம்பி வாய்க்காலுக்குள் இறங்கியவர்களைக் கயிறு கட்டி இழுத்திருக்கிறேன்.

இனி வெல்டிங். ஏ-9 வீதியில் வந்து பரந்தன் சந்தியில் முல்லைத்தீவுப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று வையுங்கள். இடது, வலது சில்லுகளுக்கு இடையே ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். கால்வட்டம் திரும்பி முடிக்கும்போது வெளிச்சில்லு உட்சில்லைவிட 2.3 மீற்றருக்கும் மேலாக அதிகம் ஓடியிருக்க வேண்டும். அகலமாகத் திரும்பினாலும் ஒடுக்கமாகத் திரும்பினாலும் இந்த வித்தியாசம் மாறாது. முழுதாகத் திரும்பி வந்த வழியே போனால் 4.7 மீற்றர். இந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கத்தான் டிபரன்ஷல் என்ற பொருளே இருக்கிறது. உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்களை ஒட்டிவிட்டால் அந்த 2.3 மீற்றர் எங்கே போகும்? சேற்றில் டயர் வழுக்கி அதைத் தின்றுவிடும். காய்ந்த தாரில் டயர் வழுக்க மறுக்கும், அச்சுத்தண்டு முறுகும். ஒரு நாளைக்கு எத்தனை சந்தி, எத்தனை வளைவு, எத்தனை முறை வீட்டுப் படலைக்குள் திரும்புகிறீர்கள்? அத்தனை முறையும் அந்தத் தண்டை ஈரத்துணி பிழிவதுபோலப் பிழிகிறீர்கள். அதோடு, அந்தப் பற்சக்கரங்கள் கடினமாக்கிய உருக்கு. அதன் மேல் அடித்த வெல்டிங் ஓரத்தில் வெடிக்கும். வெடித்த துண்டு கிரவுன் சில்லு என்ற பெரிய பற்சக்கரத்துக்கும் அதைச் சுழற்றும் பினியனுக்கும் நடுவே விழுந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் அச்சு இறுகிவிடும். மழை ஈரத்தில் நடப்பது வேறு. வளைவில் மூக்கு நேரே போகப் பார்க்கும், பயந்து காலை எடுத்ததும் வால் வீசும். பக்கத்தில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் வாகனம் ஐயா இது!

தம்பியின் அப்பாவும் கூட வந்திருந்தார். வயல்காரர். மேசையில் கிடந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “மெசியில் டிப் லொக்கை மிதித்தபடி வரம்படியில் திருப்புவாயா?” மகன் வாய் திறக்கவில்லை. நான் அரை மணி நேரம் சோக்கால் தரையில் கோடு போட்டு விளக்கியதை அவர் ஒரு கேள்வியில் முடித்துவிட்டார். மெசி போன்ற உழவு இயந்திரத்தில் அந்த மிதியை வன்னியில் அறியாதவர் இல்லை. சேற்றில் மிதிப்போம், ஏறியதும் விடுவோம், திரும்பும்போது தொடமாட்டோம். தினமும் ஓடும் வாகனத்துக்கு லொக்கரைத் தெரிவுசெய்வதற்கும் இதுதான் கணக்கு: தேவையானபோது பிடித்து, மற்ற நேரம் முழுதாக விட வேண்டும்.

அப்படி விடுபவை ஆளியை அழுத்தினால் பிடிக்கும் வகைகள். காற்றில் இயங்குவது ஒன்று, மின்சாரத்தில் இயங்குவது இன்னொன்று. இரண்டும் நல்லவை. காற்று வகைக்குக் கொம்பிரஸர் வேண்டும். அதை உயரத்தில், கிரவல் தூசி படாத மூலையில் பூட்டுங்கள். காற்றுக்குழாய் சூடான புகைக்குழாயைத் தொடக்கூடாது. உள்ளே ரப்பர் வளையம் தேய்ந்தால் காற்று அச்சுக்குள் கசிந்து, அச்சின் உள் அழுத்தத்தை வெளியே விடும் மூச்சுக்குழாய் வழியே ஒயிலை வெளியே தள்ளும். ஒயில் கசிவைக் கண்டால் முதலில் அதைப் பாருங்கள். மின்சார வகைக்கு வயர் இணைப்புகளில் பாசி பிடிப்பதுதான் நோய். சில ஹைலக்ஸ், லான்ட் குரூசர்களில் தொழிற்சாலையிலேயே பின் லொக்கர் பூட்டி வருகிறது. ஐந்து வருடம் அந்த ஆளியைத் தொடாமல் வைத்திருந்து, வெள்ளத்தில் அழுத்திவிட்டு “வேலை செய்யவில்லை” என்று திட்டுவார்கள். உள்ளே இருக்கும் சிறு மோட்டர் துருவேறி இறுகியிருக்கும். மாதம் ஒரு முறை மண்ணில் போட்டு எடுங்கள்.

தானாகப் பிடித்துத் தானாக விடும் லொக்கர்களும் உண்டு. கம்பி இல்லை, ஆளி இல்லை, வலிமையானவை, காட்டுக்கு மட்டும் போகிற வாகனத்துக்கு நல்லவை. தினசரி ஓட்டத்தில் திரும்பும்போதெல்லாம் ‘டக்’ என்று உதைக்கும். கட்டைச் சட்டக ஜீப்பில் வளைவின் நடுவே காலை எடுத்தால் வாகனம் தடம் மாறுவது கையில் தெரியும். வீட்டில் இன்னொருவரும் ஓட்டுகிற வாகனத்துக்கு நான் பூட்டித் தருவதில்லை. எல்.எஸ்.டி. என்ற வழுக்கல் குறைப்பு வகை தாரில் மென்மையானது. ஆனால் ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கினால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். தட்டு வகைக்கு அதற்குரிய ஒயில்தான் விட வேண்டும்.

ஒன்று போதும், அதுவும் பின் அச்சுக்கு. முன் லொக்கர் பிடித்தால் ஸ்டியரிங் திருப்ப மறுக்கும், முறுக்கித் திருப்பினால் முன் மூட்டு உடையும். நுண்ணிய இடைவெளியை அளக்கும் டயல் கேஜ் இல்லாத கராஜில் டிபரன்ஷலைத் திறக்க விடாதீர்கள். பினியனுக்கும் கிரவுன் சில்லுக்கும் இடையேயான இடைவெளியைக் காதால் கேட்டுச் சரிசெய்கிற வித்தகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சரிசெய்தவை பிறகு ஊளையிட்டுக்கொண்டு என்னிடம்தான் வருகின்றன.

லொக்கரைப் போடுவது இறங்கும் முன், நேராக நின்று. சில்லு சுழன்றுகொண்டிருக்கும்போது அழுத்தினால் பற்கள் உடையும். ஏறியதும் விடுங்கள், விளக்கு அணையும்வரை கொஞ்சம் முன்னும் பின்னும் எடுங்கள். ஈரக் குளக்கட்டில் மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். பூட்டாத அச்சில் ஒரு சில்லு சுழன்றாலும் மற்றது மண்ணைப் பிடித்து நிற்கும். பூட்டினால் இரண்டும் சேர்ந்து வழுக்கி, வாகனம் சரிவுப் பக்கமாக இறங்கிவிடும். கட்டின் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம்.

முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் மாட்டுகிறவர்களுக்கு லொக்கரே வேண்டாம். டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கிப் பாருங்கள், தாருக்கு ஏறும்போது மறுபடி அடித்துக்கொள்ளுங்கள். களிமண்ணுக்கு முதல் மருந்து பல் தேயாத டயர். அந்தத் தம்பியின் நான்கு டயரும் வழுக்கை.

2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வந்த வாகனங்களில் பால் விட்ட தேநீர் போன்ற அச்சு ஒயிலை நிறையப் பார்த்தேன். சூடான அச்சு குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் தண்ணீரை உள்ளே இழுக்கும். மூச்சுக்குழாயை நீட்டி என்ஜின் அறைக்குள் உயரமாகக் கட்டுங்கள், செலவு சில மீற்றர் ரப்பர் குழாய்தான். வெள்ளத்தில் இறங்கி வந்தவர்கள் அடுத்த நாளே ஒயிலைப் பாருங்கள்.

பழைய கெப் வாங்கப் போகிறவர்களுக்கு: முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின் அச்சைத் தூக்கித் தாங்கியில் நிறுத்துங்கள். கைப்பிரேக்கை விட்டு, கியரில் போட்டு, என்ஜினை நிறுத்திய நிலையில் ஒரு பின் சில்லைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் சரி. இரண்டும் இம்மியும் அசையாவிட்டால், ஏன் என்று விற்பவரிடம் கேளுங்கள்.